இரண்டு திரை, ஒரு கழுத்து: வாசகர் கேள்விகள்

சிவகாசியில் 22 வருடமாக டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. இப்போது வீட்டு முன்னறைதான் ஆபீஸ். "என் மேசையில் இரண்டு மானிட்டர்" என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் இவை.

வாசகி, திருப்பூர்: வீட்டிலிருந்து கணக்கு பார்க்கிறேன். பழைய 24 இன்ச் மானிட்டருக்குப் பக்கத்தில் புதிதாக 27 இன்ச் 4கே ஒன்று வாங்கி வைத்தேன். புதியதிலிருந்து பழையதற்கு மவுஸைக் கொண்டுபோனால் பாதி இடத்தில் சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடுகிறது. மானிட்டர் கோளாறா அக்கா?

கோளாறு ஒன்றும் இல்லை. மேசையில் நாம் பார்ப்பது சென்டிமீட்டர் கணக்கு. விண்டோஸுக்குப் புள்ளிக் (பிக்சல்) கணக்குதான் தெரியும். 24 இன்ச் திரையின் உயரம் சுமார் 30 செ.மீ., 27 இன்ச்சுக்குச் சுமார் 34. கண்ணுக்கு இரண்டு விரற்கடை வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் பழைய 24 இன்ச் என்றால் பெரும்பாலும் மேலிருந்து கீழாக 1080 புள்ளி, 4கேயில் 2160. ஆக விண்டோஸ் கணக்கில் உங்களிடம் இருப்பது ஒரு மாடி வீடும் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடும். மாடியில் நடந்து பக்கத்து வீட்டுக்குப் போகப் பார்த்தால் அங்கே தளமே இல்லை, மவுஸ் முட்டத்தான் செய்யும்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறங்கள். 1, 2 என்று இரண்டு பெட்டி தெரியும். எது எந்த மானிட்டர் என்று குழப்பமாக இருந்தால் 'ஐடென்டிஃபை' பொத்தானை அமுக்குங்கள், திரையிலேயே பெரிதாக நம்பர் வரும். சின்னப் பெட்டி பெரும்பாலும் பெரியதன் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மவுஸால் பிடித்து, பெரியதன் நடு உயரத்துக்கு இழுத்துவிட்டு 'அப்ளை' கொடுங்கள். இனி நடுவில் போனால் மவுஸ் வழுக்கிக்கொண்டு போகும். மேலோரமும் கீழோரமும் அப்போதும் முட்டும். விண்டோஸ் 11 என்றால் அதே பக்கத்தில் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' என்பதற்குள் 'ஈஸ் கர்சர் மூவ்மென்ட் பிட்வீன் டிஸ்ப்ளேஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்துவிட்டால் அந்த முட்டலும் போய்விடும்.

எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் என்பதில் 4கேக்கு 175 சதவீதம், பழையதற்கு 100 வைத்துப் பாருங்கள். எக்ஸெல் எழுத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால், 2560-க்கு 1440 புள்ளி உள்ள 27 இன்ச்சை வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் பழைய திரையில் ஒரு இன்ச்சுக்கு 92 புள்ளி, அதில் 109, ஜோடி பொருந்தும். 4கேயில் 163. சரி, வாங்கியாச்சு.

வாசகர், மதுரை: இரண்டு 24 இன்ச் மானிட்டர்களையும் ஒட்டவைத்து, நடுக்கோடு என் மூக்குக்கு நேராக வரும்படி சமமாக வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக வலது பக்கக் கழுத்தில் வலி. இன்னும் உயர்த்தி வைக்கலாமா?

உயரத்தை அப்புறம் பார்ப்போம். உங்கள் மூக்குக்கு நேராக என்ன இருக்கிறது? இரண்டு மானிட்டரின் பிளாஸ்டிக் விளிம்பு. நாள் முழுக்கப் பார்க்கிற இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை! ஒவ்வொரு திரையும் சுமார் 53 செ.மீ. அகலம், அதன் நடுப்பகுதி உங்களுக்கு நேரிலிருந்து 26 செ.மீ. தள்ளி இருக்கிறது. 65 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்திருந்தால் கழுத்து 20 டிகிரிக்கு மேல் திரும்பியே இருக்கும். வலது பக்கத் திரையில்தான் நிறைய வேலை பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் சமமாக நடத்தாதீர்கள். அதிகம் பார்க்கிறது எதுவோ, அது நட்டநடுவில். கீபோர்டின் ஜி, எச் எழுத்துகளும் உங்கள் தொப்புளும் அந்தத் திரையின் நடுவும் ஒரே கோட்டில் வரட்டும். மற்றதை ஒரு பக்கமாகத் தள்ளி, உங்களைப் பார்க்கிற மாதிரி உள்பக்கம் திருப்பிவையுங்கள். எவ்வளவு திருப்புவது என்பதற்கு நான் கொத்தனார் மாதிரி நூல் பிடிப்பேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நூலின் ஒரு முனையை மூக்கருகில் பிடித்துக்கொண்டு மறுமுனையை முதல் திரையின் நடுவில் வைக்க வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். என் வீட்டில் இந்த வேலை மகளுக்கு, சிரித்துக்கொண்டேதான் செய்வாள். அதே நீளம் இரண்டாவது திரையின் நடுவையும் தொட வேண்டும். தூரம் மாறினால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கண் புதிதாகக் குவிய வேண்டியிருக்கும், சாயங்காலம் தலை வலிக்கும்.

இரண்டாவது திரையை நான் நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. படுத்த வாக்கில் இருக்கும் 24 இன்ச் திரையில் டூல்பார் போக முழுப் பக்கம் நிஜ அளவில் அடங்காது. நிமிர்த்தினால் தலைப்பிலிருந்து அடிக்குறிப்பு வரை ஒரே பார்வையில் புரூஃப் பார்க்கலாம். பக்கவாட்டில் 53-க்குப் பதில் 30 செ.மீ.தான் பிடிக்கும், கழுத்துக்கும் அவ்வளவு வேலை மிச்சம். மானிட்டரின் ஸ்டாண்டு அப்படித் திரும்புமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிய பிறகு செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் என்று மாற்ற வேண்டும்.

இப்போது உயரம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கலாம், மேலே போகக் கூடாது. நான் ஒரு காலத்தில் நாலு ரீம் ஏ4 பேப்பர்மேல் மானிட்டரை ஏற்றி வைத்திருந்தேன். ஒரு ரீம் ஏறக்குறைய 5 செ.மீ., மொத்தம் 20. வெள்ளெழுத்து வந்து புரோகிரசிவ் கண்ணாடி (மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு) மாட்டிய பிறகு, கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கி பின்கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டு ரீமை உருவினேன், ஒரு வாரத்தில் சரியாயிற்று. நீங்களும் அந்தக் கண்ணாடி போடுகிறவர் என்றால் உயர்த்தாதீர்கள், இறக்குங்கள். அப்படியும் வலி விடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

வாசகர், கும்பகோணம்: மேசையில் இடமில்லை. இரண்டு மானிட்டரையும் மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும் கிளாம்பு ஆர்மில் மாட்டலாமா?

மாட்டலாம். முதலில் மானிட்டரின் முதுகைத் தடவிப் பாருங்கள். 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு திருகு ஓட்டை இருக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் ஓட்டையே இருக்காது. பிறகு மேசையின் விளிம்பைப் பாருங்கள். நான் வாங்கிய ரெடிமேட் மேசை வெளியே மர டிசைன், உள்ளே மரத்தூள் பலகை. ஆர்ம் மாட்டி மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 'நொறுக்' என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் கிளாம்பு பலகைக்குள் புதைந்திருக்கிறது, மானிட்டர் இரண்டும் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கின்றன. கீழே தூளாக மரத்தூள். நல்ல வேளை, விழவில்லை. மறுநாள் ஆசாரியிடம் 18 எம்.எம். பிளைவுட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு வாங்கி, பலகைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று கொடுத்து, கொஞ்சம் தள்ளி இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை. கண்ணாடி மேசை என்றால் வேண்டவே வேண்டாம். மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் ஆர்மின் முழங்கை மடங்கப் பின்னால் இடம் வேண்டும், அதையும் அளந்துகொள்ளுங்கள்.

வாசகர், சென்னை: எம்1 மேக்புக் ஏர். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள யுஎஸ்பி-சி ஹப் வாங்கினேன். இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வருகிறது.

ஹப்பைத் திட்டாதீர்கள் தம்பி. எம்1, எம்2 சிப் உள்ள ஏர் இரண்டுமே வெளியே ஒரு திரையைத்தான் தாங்கும். எம்3 ஏரில் மூடியைச் சாத்தினால் இரண்டு வரும். உங்களுக்கு இருக்கிற வழி, மென்பொருள் உதவியோடு இன்னொரு திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர், கூடவே அதன் மென்பொருளையும் நிறுவ வேண்டும். திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் ஹப்பைக் கொடுத்துவிடுங்கள்.

வாசகி, ஈரோடு: கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். ஒரே மெரூன் ஒரு திரையில் சிவப்பாகவும் இன்னொன்றில் காப்பிப்பொடி மாதிரியும் தெரிகிறது.

நம்மை மாதிரி டிசைன் செய்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது! இரண்டு மானிட்டரின் மெனுவிலும் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். நைட் லைட், ஈகோ மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். கலர் டெம்பரேச்சரை இரண்டிலும் 6500 வையுங்கள். பிறகு இரண்டிலும் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை பிரைட்னஸைக் கூட்டிக் குறையுங்கள். முக்கால்வாசி சரியாகிவிடும். திரைப் பேனலில் வகை உண்டு; ஒன்று ஐபிஎஸ், மற்றது டிஎன் என்றால் மீதிக் கால்வாசிக்காக மல்லுக்கட்ட வேண்டாம். டிஎன்னில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கலர் மாறும். மெரூனை ஐபிஎஸ்ஸில் பாருங்கள். கஸ்டமரின் மெயிலும், பையன் பெண் பெயர் வந்த வாட்ஸப்பும் மற்றதில் திறந்து கிடக்கட்டும்.