கோச் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் கல்லூரியில் படிக்கிறான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் டீமின் நட்சத்திர வீரர் ஒரு பெண்ணை அடித்ததாகக் கைதானார். "காலவரையின்றி சஸ்பெண்ட்" என்றார் கோச். மூன்றே வாரத்தில் பையன் மறுபடி மைதானத்தில்! "கோச்சுக்குத் தெரியாததா அம்மா?" என்கிறான் மகன். எனக்கு மனசு ஒப்பவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹூஸ்டன்

பதில்: ஒப்பாததில் நியாயம் இருக்கிறது, சகோதரி. காலக்கெடு சொல்லாத சஸ்பென்ஷனில், பையன் திரும்பி வரும் நாளைப் பெரும்பாலும் கோச்தான் முடிவு செய்கிறார். அவருடைய வேலையோ ஜெயிப்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதற்காகக் கோச்சே தண்டிக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். வகுப்புக்கு மட்டம் போட்டால் விடியற்காலையில் ஸ்டேடியப் படிகளில் ஏறி இறங்க விடுவார்கள். ஆட்டத்தின் முதல் பகுதியில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அதெல்லாம் அவர் வேலை. 1963இல் அலபாமா பல்கலைக்கழக கோச் பேர் பிரையன்ட், டீமின் தாக்குதலை நடத்தும் தன் குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தைக் குடித்த விவகாரத்துக்காகக் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஆடவிடவில்லை. அதில் ஒன்று, சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டமான ஷுகர் பவுல்! நட்சத்திரத்தை முக்கியமான ஆட்டத்தில் உட்கார வைத்தார் பாருங்கள், அதற்குப் பெயர்தான் தண்டனை. நேமத் அடுத்த வருஷம் திரும்பி வந்தார்; 1964 சாம்பியன் பட்டம் அலபாமாவுக்கு.

ஆனால் இன்னொருவர் உடம்பில் கை வைத்த பிறகு, அது டீம் விவகாரம் இல்லை.

1995இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக வீரர் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் தன் முன்னாள் காதலியைத் தாக்கிக் கைதானார். கோச் டாம் ஆஸ்போர்ன் ஆறு ஆட்டங்களுக்கு நிறுத்திவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். காப்பகத்தில் வளர்ந்த பையன், ஃபுட்பாலையும் பிடுங்கிவிட்டால் அவனைக் கட்டிப்போட எதுவுமே இருக்காது என்பது அவர் வாதம். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்போர்ன் மோசமான மனிதரும் இல்லை. ஆனால் சீசன் முடிவில் சாம்பியன் பட்டத்துக்கான ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் பந்தோடு 165 யார்டு ஓடி, நெப்ராஸ்கா 62-24 என்று ஜெயித்தது. கருணையும் லாபமும் ஒரே பக்கம் நிற்கும்போது எதை நம்பி முடிவெடுத்தார் என்று அவருக்கே தெரியுமா? ஃபிலிப்ஸ் அதற்குப் பிறகும் பெண்களை அடித்தார். 2016இல் சிறையில் இறந்தார்.

உங்கள் மாநிலத்திலேயே பேய்லர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாலியல் வன்முறைப் புகார்களை ஃபுட்பால் ஊழியர்கள் தங்களுக்குள்ளேயே விசாரித்து, பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகவிடாமல் வைத்திருந்ததாக அங்கே ஒரு விசாரணை சொன்னது. 2016 மே மாதம் கோச் ஆர்ட் பிரைல்ஸை வெளியே அனுப்பினார்கள். ஜெயித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான்.

எனவே மகனிடம் "மூன்று வாரம் போதுமா?" என்று வாதாடாதீர்கள், அதில் அவன் ஜெயித்துவிடுவான். பல்கலைக்கழகம் தனியாக விசாரித்ததா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அந்தப் பெண் இப்போது வகுப்புக்கு வர முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கோச்சிடம் பதில் இருக்காது. கூடவே இதையும் சொல்லி வையுங்கள்: நாளைக்கு அவனுடைய தோழி யாருக்காவது இப்படி நடந்தால், போக வேண்டியது போலீசுக்கும், பாலியல் வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பல்கலைக்கழகத்தின் டைட்டில் நைன் அலுவலகத்துக்கும். கோச் அறைக்கு இல்லை.