மறு: இரண்டு இளைஞர்களைக் கொடுத்தும் ஒரு நட்சத்திரம் கிடைக்கவில்லையே?

வணக்கம். அம்பத்தூர் அலுவலக நண்பர்களுடன் ஆடும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) மேலாளர் விளையாட்டில், குறைந்த ஊதியமுள்ள இரண்டு இளம் வீரர்களைக் கொடுத்து நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சைக் கேட்டபோது பரிமாற்றம் நிராகரிக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். பிழை செயலியில் இல்லை. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நம் சென்னைக்காரர்கள் பலருக்கும் வரும் குழப்பம்தான் இது.

என்பிஏவில் வீரருக்கு ஏலம் கிடையாது. ஊதிய உச்சவரம்பை (ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கான வரம்பு) தாண்டிவிட்ட அணி, தான் பெறும் வீரரின் ஊதியத்துக்கு ஏறத்தாழ ஈடான ஊதியத்தை அனுப்பியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணி டான்சிச்சைப் பெற்றபோது, ஏறக்குறைய அதே அளவு ஊதியம், அதாவது சுமார் 4.3 கோடி டாலர், வாங்கிய ஆண்டனி டேவிஸை அவர் அதுவரை ஆடிய டல்லாஸ் அணிக்கு அனுப்பியது இதனால்தான். கூடவே மேக்ஸ் கிறிஸ்டி என்ற வீரரையும் 2029-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் (அந்த ஆண்டின் புதுமுக வீரர்களில் ஒருவரை முதல் சுற்றில் எடுக்கும் உரிமை) கொடுத்தது. ஆகவே உங்கள் அணியில் பெரிய ஊதியம் பெறும் ஒருவரையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். எதிர்கால முதல் சுற்று உரிமைகளையும் சேர்க்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் உரிமையே இல்லாதபடி விற்றுவிட முடியாது.

ஒப்பந்தம் முடிந்த வீரரைச் சேர்ப்பது இன்னொரு வழி. அதற்குப் பொதுவாக உச்சவரம்பில் இடம் வேண்டும். 2016-இல் தொலைக்காட்சி வருவாயால் வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலராகத் தாவியதால்தான் கோல்டன் ஸ்டேட் அணியால் நட்சத்திர வீரர் கெவின் டுரான்டை எடுக்க முடிந்தது. பொறுமை இருந்தால் புதுமுகத் தேர்வு: பின்னாளில் பெரும் நட்சத்திரமான யோகிச்கூட அதில் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர்தான்.