ஒரு பகுதி மாநகராட்சியில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் பாதாளச் சாக்கடை ஏன் வரவில்லை?

மாநகராட்சி விரிவாக்கம் என்பது சுற்றியுள்ள உள்ளாட்சிகளை மாநகரத்தோடு இணைப்பது. 2011இல் சென்னையோடு 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகளோ 155இலிருந்து 200தான்.

ஒரு கவுன்சிலரின் இடத்தில் நின்று பாருங்கள். அடுக்குமாடிகளைத் தனியார் விறுவிறுவென்று கட்டி முடிக்கிறார்கள். சாக்கடைக்கோ திட்டம், நிதி, டெண்டர், அப்புறம் தெருத்தெருவாகத் தோண்டும் வேலை. அதுவும் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தின் பொறுப்பு. நாலு பேருக்கு உலை வைத்த வீட்டில் நாற்பது பேர் பந்திக்கு உட்கார்ந்தது போன்ற நிலை. பசித்தவர்கள் கேள்வி கேட்பது நியாயம்தான். அந்தக் கேள்வி முதலில் வந்து நிற்பது கவுன்சிலரிடம்.

ஆனால் பலர் நினைப்பதுபோல் கட்டட அனுமதி தருவது கவுன்சிலர் அல்ல. உயரமான கட்டடங்களுக்கு அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) வழியாகவே வருகிறது.