தேக்குச் சமையலறைக்கு எந்த நிறம்?

சகோதரி, காட்பாடி வீட்டுச் சமையலறையில் அலமாரி, பரண், கதவு எல்லாமே தேக்கு, பகலிலும் இருட்டாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மரத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்! சுவருக்குச் சந்தன நிறமும் வேண்டாம், மரத்தோடு கலந்து இன்னும் மங்கிவிடும். லேசாகப் பச்சை ஓடும் வெள்ளை எடுங்கள், தேக்கு எடுப்பாகத் தெரியும்.

அடுப்புக்குப் பின்னால் மேடையிலிருந்து 2 அடிக்குப் பளபளப்பான வெள்ளை டைல்ஸ். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் துடைத்தாலே போய்விடும். ஆனால் டைல்ஸ் இடுக்குக்குச் சாம்பல் நிறம்தான் சரி. வெள்ளைப் பூச்சில் மஞ்சள் கறை ஏறினால் லேசில் போகாது.

விளக்கின் ஒளி நிறம் 4000 கெல்வின் போதும், அதாவது அதிக மஞ்சளும் நீலமும் இல்லாத வெள்ளை. அப்புறம் திரை: குடியாத்தம் கைத்தறிப் பருத்தி, அடுப்புக்கு எட்டாத ஜன்னலில் மட்டும். வேலூர் வெயிலுக்கு வெளிர் நிறமாகவே வாங்குங்கள், அடர் நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும்.