1968-இல் கட்டிய பாய்மரப் படகு ஹரிக்கேனைத் தாங்குமா?

கேள்வி: ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் வசிக்கிறேன். 1968-இல் கட்டிய ஆல்பர்க் 30 பாய்மரப் படகு ஒன்றை மலிவாக வாங்கினேன். “அந்தக் காலத்து ஃபைபர் கிளாஸ், ஹல் பாறை மாதிரி, ஹரிக்கேன் வந்தாலும் அசையாது” என்கிறார் விற்றவர். புயல் வந்தால் மரினாவிலேயே விடலாமா, ஆற்றுக்குள் கொண்டுபோய் நங்கூரம் போடலாமா, கரையேற்ற வேண்டுமா? நானும் படகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: ஹல்லைப் பற்றி, அதாவது படகின் உடலைப் பற்றி, அவர் சொன்னது சரிதான். கார்ல் ஆல்பர்க் வரைந்து கனடாவில் 1962 முதல் கட்டப்பட்ட படகு இது. ஹல் முழுக்கக் கையால் அடுக்கடுக்காகப் போட்ட கெட்டியான ஃபைபர் கிளாஸ். கீல், அதாவது படகின் அடியில் துருத்தி நிற்கும் தண்டு, நீளமானது, அடிப்பாரம் அதற்குள்ளேயே மூடியிருப்பதால் போல்ட் அரித்துக் கீல் கழன்றுவிடும் என்ற கவலை இல்லை. ஆனால் ஹல் பலம் போதாமல் புயலில் போகும் படகுகள் குறைவு. பெரும்பாலும் கட்டு அறுந்துதான் போகின்றன. இல்லையென்றால் பக்கத்துப் படகு கட்டறுத்துக்கொண்டு வந்து இடிக்கிறது.

பழைய கனமான படகு எதையும் தாங்கும் என்ற பேச்சு சும்மா வந்ததும் இல்லை. 1991 அக்டோபர் கடைசியில் அட்லாண்டிக்கில் அடித்த பெரும்புயலில், சடோரி என்ற வெஸ்ட்செயில் 32 படகிலிருந்த மூவரைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் மீட்டது. ஆளில்லாத படகோ தன்பாட்டுக்கு மிதந்துபோய் அசடீக் தீவு மணலில் பெரிய சேதமில்லாமல் ஒதுங்கியது. ஆனால் நடுக்கடலில் அதை எதுவும் பிடித்துவைக்கவில்லை. அலை தள்ளிய பக்கம் போயிற்று. கட்டிக்கிடக்கும் படகுக்கு அந்த வழி இல்லை. வருகிற விசை முழுவதும் கயிறு கட்டும் கொம்புகளான நாலைந்து கிளீட்டுகள் மேல்தான் விழும்.

அந்த விசை எவ்வளவு? 30 அடிப் படகை 42 நாட் (மணிக்கு 42 கடல் மைல்) காற்றில் நங்கூரத்தில் நிறுத்த 1,400 பவுண்டு இழுவையைக் கணக்கில் வைக்கச் சொல்கிறது, அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி. காற்று இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. அப்படியானால் 126 நாட் காற்றில் 12,600 பவுண்டு. உங்கள் படகின் எடையே 9,000 பவுண்டுதான். படகையே அந்தக் கயிறுகளில் கட்டித் தூக்கித் தொங்கவிட்டதைவிடக் கூடுதல். 2022 செப்டம்பரில் இயன் ஹரிக்கேன் உங்கள் ஊர்ப் பக்கம் கரைகடந்தபோது காற்று மணிக்கு 240 கிலோமீட்டர், அதாவது 130 நாட்.

அதனால் உங்கள் படகில் நான் முதலில் பார்ப்பது கிளீட்டுக்கு அடியில். டெக்கின் (மேல்தளத்தின்) கீழே அகலமான உலோகத் தகடு கொடுத்து போல்ட் முறுக்கியிருக்கிறதா, வெறும் வாஷர்தானா? பழைய படகுகளில் வாஷர்தான் அதிகம். டெக் என்பது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே இலேசான பலகை வைத்த அப்பம். ஐம்பது வருடமாக போல்ட் ஓட்டை வழியே மழைநீர் இறங்கி உள்ளே இருப்பது கூழாகியிருக்கலாம். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல பிளாஸ்டிக் சுத்தியலால் டெக்கைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகும் இடத்தில் உளுத்திருக்கிறது. அங்கே கிளீட் இருந்தால், நீங்கள் எத்தனை தடித்த கயிறு கட்டினாலும் கிளீட்டோடு டெக்கும் பிய்ந்து வரும்.

ஆல்பர்க் 30-க்கே உரிய ஒன்று: பாய்மரம் டெக் மேல் நிற்கிறது, அதன் பாரத்தைக் கீழே ஒரு மர உத்தரம் தாங்குகிறது. அது விரிசல் விடுவது இந்தப் படகு வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டீல் பட்டைகளையும் பாருங்கள். டெக்கைத் துளைத்துப்போகும் இடத்தில் காற்றுப் படாமல் ஈரம் தங்குவதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். வெளியே பளபளப்பதை நம்பாதீர்கள், கழற்றித்தான் பார்க்கவேண்டும்.

கயிறு அறுவது பெரும்பாலும் படகின் விளிம்பில் தேயும் இடத்தில். நைலான் நீண்டு சுருங்குவதால் அதிர்ச்சியை வாங்கும், ஆனால் விளிம்பில் உராய்ந்து சூடாகும். விளிம்பைத் தாண்டும் துண்டுக்கு மட்டும் பாலியெஸ்டர் போட்டு, அதற்கப்பால் நைலானைச் சேர்ப்பது நல்ல ஏற்பாடு. உராயும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியைச் சுற்றுங்கள். கெட்டி பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், சூட்டை அடைத்துவைக்கும்.

இனி இடம். இயன் வந்தபோது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் நீர் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி ஏறியது. அதே புயலில் வடக்கே டாம்பா விரிகுடாவில் நீர் வடிந்து தரை தெரிந்தது. மரினாக் கயிறு இரண்டுக்கும் ஈடுகொடுக்கவேண்டும். குட்டையான கயிறு என்றால் படகு மூழ்கும் அல்லது கிளீட் போகும். மிதக்கும் மேடையென்றால் தூண்களின் உயரத்தைப் பாருங்கள். நீர் அதைத் தாண்டினால் மேடையே படகுகளோடு கழன்று மிதந்துபோகும். நகரை ஒட்டிய கலூசஹாச்சி ஆற்றிலும் அன்று நீர் 7 அடிக்கு மேல் ஏறியது. ஆற்றில் நங்கூரம் போட நினைத்தால் ஃபிராங்க்ளின் லாக்கை, அதாவது ஆற்றின் குறுக்கே படகுகளை ஏற்றி இறக்கும் கதவடைப்பை, தாண்டி உள்ளே போங்கள், கடல் ஏற்றம் அங்கே தடுக்கப்படும். ஆனால் புயல் நெருங்கியதும் லாக்கும் தூக்குப்பாலங்களும் இயங்காது. “நாளைக்குப் பார்க்கலாம்” என்று இருந்தவர்கள் வெளியே மாட்டிக்கொள்வார்கள்.

எனக்குக் கேட்டால், கரையேற்றுங்கள், அதுவும் உள்நாட்டில், உயரமான நிலத்தில். முட்டுக்கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, படகைத் தரையில் பதித்த கொக்கிகளோடு பட்டையால் கட்டும் படகு யார்டாகப் பாருங்கள். உங்கள் நீளக் கீல் தரையில் சமமாக உட்காரும். பணம் இருந்தால் பாய்மரத்தையும் இறக்கிவிடுங்கள். இறக்காவிட்டாலும் பாய்களை முழுவதும் கழற்றவேண்டும். சுருட்டிக் கட்டிய முன்பாய் காற்றில் பிரிந்தால் படகையே ஆட்டிச் சாய்த்துவிடும்.

நீரிலேயே விடவேண்டி வந்தால் காக்பிட் (ஓட்டுபவர் உட்காரும் பள்ளம்) வடிகால் தவிர, ஹல்லைத் துளைத்துப்போகும் மற்ற குழாய்களின் வால்வுகளை மூடுங்கள். பழைய பித்தளை கேட் வால்வு இருந்தால் புயலுக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள். துத்தநாகம் கரைந்துபோன பித்தளை கையோடு உடையும். வடிகாலில் இலை அடைத்து, மழைநீர் நிறைந்து, பேட்டரி தீர்ந்து, பம்ப் நின்று மூழ்கும் படகுகளும் உண்டு. காற்றுக்குத் தப்பியபின் அப்படிப் போவதுதான் எரிச்சல்.

படகில் தங்குவதா? கூடாது. 100 நாட் காற்றில் டெக்கில் நிற்கவே முடியாது, தேய்கிற கயிற்றை மாற்றுவது எங்கே? கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, சாலை மூடுவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.

சீசன் ஜூன் 1-இல் தொடங்குகிறது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு யார்டைக் கூப்பிட்டால் வரிசை ஊர்வரை நிற்கும். கையோடு யார்டிடம் பேசி முன்பதிவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு சனிக்கிழமை முன்கிளீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவி, தகடா வாஷரா என்று பார்த்து எழுதுங்கள்.