இரவில் பழைய புத்தகம் திருத்தும் மகளைப் பற்றி

மதிப்புக்குரிய அம்மா,

வணக்கம். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் இரவெல்லாம் கணினியில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள், அதனால் ஒரு ரூபாய் வருமானமும் இல்லை என்று வருந்தினீர்கள். பெங்களூர் அல்சூரில் என்னைப் பார்க்க வந்தபோது, அந்த வேலையைச் செய்துகாட்டும்படி அவளிடம் கேட்டேன்.

தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்தாக்கி ஏற்றும் விக்கிமூலம் என்ற இணையதளத்தில் ஒருபுறம் ஸ்கேன் செய்த பக்கம், மறுபுறம் அதிலிருந்து கணினி படித்தெடுத்த எழுத்து. துதிக்கைபோல் வளைந்த பழைய அச்சு 'லை', 'னை' வரும் இடங்களிலும், 'ர' எது, துணைக்கால் எது என்று மயங்கும் இடங்களிலும் கணினி தவறியிருந்ததை அவள் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினாள். ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்த பிறகே அது பச்சையாகும். யார் எதைத் திருத்தினார் என்ற வரலாறு எவரும் பார்க்கும்படி அங்கேயே இருக்கும். நேர்காணலில் 'நான் பொறுமையாக வேலை செய்வேன்' என்று சொல்வதைவிட, அந்தப் பட்டியலைத் திறந்து காட்டுவது எவ்வளவோ மேல்.

அருங்காட்சியகப் படங்களைக் கொண்டு அவள் உருவாக்கிய நாட்காட்டியும் அழகாக இருந்தது. பல அருங்காட்சியகங்களை நடத்தும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் ஏறத்தாழ 28 லட்சம் படங்களை, யாரும் எடுத்து விரும்பியபடி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. எல்லா நிறுவனங்களும் அப்படி அனுமதிப்பதில்லை என்பதால், ஒவ்வொரு படத்தின் உரிமக் குறிப்பையும் படித்துக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். நம் நாட்டில் நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

பி.காம். படிப்பை விட வேண்டாம். முடித்த பின் நூலக அறிவியலில் முதுகலை படிக்கலாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1962இல் இதே பெங்களூரில் தொடங்கிய ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையம் இன்று இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் அங்கம். அங்கே சேர நுழைவுத் தேர்வு உண்டு. இத்துறையில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் கிடைக்கும் என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான், கணக்கியல் அறிவும் கையில் இருக்கட்டும் என்கிறேன்.

பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்கள் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவருகிறார்கள். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலேயே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. விடுமுறையில் அவளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். செமஸ்டர் தேர்வு முடியும்வரை நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் இந்த வேலை என்று அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தடுக்காதீர்கள், அம்மா.