ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை: வெறும் வயிற்றிலா, சாப்பாட்டோடா?

கேள்வி: ட்ரைகிளிசரைடு 640 இருக்கிறது. ஏற்கெனவே அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். இப்போது ஃபெனோஃபைப்ரேட் 160 மி.கி. எழுதியிருக்கிறார்கள். எப்போது போடுவது? இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கும் என்கிறார்களே?

பதில்: ட்ரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு. அதைக் குறைக்கத்தான் ஃபெனோஃபைப்ரேட். 150-க்குள் இருக்க வேண்டியது 640-ல் நிற்கிறது. 500-ஐத் தாண்டினாலே கணைய அழற்சி வரலாம் என்ற கவலை தொடங்கிவிடும். அதனால் தசை பாதிக்கும் என்று பயந்துகொண்டு மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

160 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். 145 மி.கி. மாத்திரையில் மருந்தை மிக நுண்ணிய துகளாக்கியிருப்பார்கள், அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றே நினைவு வந்தால் அடுத்த சாப்பாட்டோடு போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

தசை பற்றிய பயம் பெரும்பாலும் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு மருந்தால் வந்தது. அது ஸ்டாட்டின் (நீங்கள் சாப்பிடும் அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை) உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஃபெனோஃபைப்ரேட் அப்படிச் செய்வதில்லை. ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுக்க இதையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதுதான். ஆனாலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு அல்லது தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காரணமில்லாமல் தொடையும் தோளும் வலிக்கிறது, படியேற முடியவில்லை, சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் போகிறது என்றால் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பித்தப்பைக் கல், கல்லீரல் நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருந்தைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஃபெனோஃபைப்ரேட் அதன் வீரியத்தைக் கூட்டும், ரத்தக்கசிவு வரலாம். தொடங்கிய பிறகு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறுவது உண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் அது மருந்தால் ஏறியதா, சிறுநீரகம் பழுதானதால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல, தொடங்கும் முன் எடுத்த அளவு கையில் இருக்க வேண்டும்.

4 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை. 12 மணி நேரம் வெறும் வயிறு, முந்தைய நாள் மது கூடாது. காலையில் மாத்திரை போடுபவர் என்றால் அன்று ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போடுங்கள்.

எண் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மறுபடி ஏறும். கட்டுப்படாத சர்க்கரை, மது, தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இவற்றில் ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்தால் மருந்தின் தேவையே குறையலாம்.

மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகு வரை பரவி, வாந்தியும் வந்தால் வாயுத் தொல்லை என்று வீட்டில் இருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கடைசியாக எடுத்த ட்ரைகிளிசரைடு அளவைச் சொல்லுங்கள்.